பென்சீன் இல்லாத கிணறு

1. புத்தூர்ப் பக்கத்தில் ஒரு வீடும் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜும் ஒரே மதிலுக்கு இரு புறமும் இருந்தன. வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர், கராஜ் கிணற்றில் உவர். கராஜ்காரர் பல வருடங்களாக வீட்டுக் கிணற்றில்தான் குடிதண்ணீர் அள்ளிவந்தார்.

2. வீட்டில் கலியாணம் நெருங்கியபோது கிணற்றுத் தண்ணீர் மணக்கத் தொடங்கியது.

3. கராஜிலிருந்து பெற்றோல் இறங்கிவிட்டது என்று வீட்டார் முடிவு செய்தார்கள். இனி இங்கே தண்ணீர் அள்ள வரவேண்டாம் என்று கராஜ்காரருக்குச் சொல்லிவிட்டார்கள்.

4. தங்கையின் கலியாணத்துக்காகச் சுவிசிலிருந்து வந்திருந்த மகன், எங்கள் ஆய்வுகூடத்தில் போத்தல்களை வாங்கிப்போய்த் தானே தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து தந்தார்.

5. தண்ணீரில் அரோமற்றிக்குச் சேர்வைகள் இருந்தன.

6. நாங்கள் அறிக்கை எழுத முன்பே கராஜ் படலைக்கு யாரோ சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

ஐந்தாவது வரியில் பிழை எதுவும் இல்லை. அதைத்தான் இயந்திரம் சொன்னது. ஆனால் அந்த வரியை அப்படியே தட்டச்சுச் செய்து, முத்திரை குத்திக் கொடுத்திருந்தால், ஜெயசீலன் என்ற அந்தக் கராஜ்காரர் மறுபடி அந்தப் படலையைத் திறந்திருக்க மாட்டார்.

நான் இந்தக் கிழமையோடு இந்த மேசையை விட்டு எழும்புகிறேன். ஓய்வு பெறும் வயது இல்லை, மட்டக்களப்பில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று நான் எழுதத் தேவையில்லை, அது கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் வளையம். அரோமற்றிக்குச் சேர்வை என்றால் இந்த வளையம் கொண்டது. உயர்தரத்தில் நீங்கள் படித்ததுதான். பென்சீனில் ஆறு காபன்கள் ஒரு வளையமாக நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று இரட்டைப் பிணைப்புகளைக் கீறினோம். உண்மையில் இரட்டை எது, ஒற்றை எது என்று பிரிக்க முடியாது. ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், இலத்திரன்கள் வளையம் முழுவதற்கும் பொது. அதனால்தான் நடுவில் ஒரு வட்டம் போட்டும் காட்டுகிறோம்.

இந்த வளையத்தில் ஓர் ஐதரசனை எடுத்துவிட்டு ஒரு மெதைல் கூட்டத்தை வைத்தால் மெதைல்பென்சீன். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நியமப் போத்தலில் அதையே தொலுயீன் என்று போட்டிருப்பார்கள். இரண்டு மெதைல் வைத்தால் சைலீன். அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், ஒரு காபன் விட்டு இருக்கலாம், நேரெதிரேயும் இருக்கலாம். 1,2 என்றும் 1,3 என்றும் 1,4 என்றும் எண்ணிட்டுப் பெயர் வைக்கிறோம். பழைய பெயரில் ஓதோ, மெற்றா, பரா. மெதைல் இரண்டுக்குப் பதிலாக எதைல் ஒன்றை வைத்தால் எதைல்பென்சீன். அதற்கும் மூன்று சைலீன்களுக்கும் மூலக்கூற்றுச் சூத்திரம் ஒன்றுதான். காபன் எட்டு, ஐதரசன் பத்து. எண்ணிக்கை ஒன்று, அமைப்பு நான்கு, பெயரும் நான்கு.

பரீட்சைக்கு இது இரண்டு புள்ளி. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எந்தப் பெயர் எந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது, எது வராமல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் நம்முடைய தொழிலில் பாதி என்பது பிறகுதான் விளங்கியது.

அன்று இயந்திரம் கீறித் தந்த வரைபில் தொலுயீன் உயரமாக எழுந்து நின்றது. அடுத்து எதைல்பென்சீன். அதற்குப் பின்னால் மெற்றாவும் பராவும் ஒட்டிக்கொண்டு ஒரே கூம்பாக வந்தன. நம்முடைய இயந்திரம் அந்த இரண்டையும் பிரிக்காது, அதைப் பழகிக்கொள்ளுங்கள். கடைசியில் ஓதோ. எல்லாருக்கும் முன்னால் வரவேண்டிய பென்சீனின் இடத்தில் கோடு தட்டையாகக் கிடந்தது. மூன்று மெதைல் கொண்டவையும் இல்லை.

பெற்றோலில் இவை எல்லாம் சேர்ந்தே இருக்கும். இவற்றுள் தண்ணீரில் கூடுதலாகக் கரைவது பென்சீன். மதிலுக்கு அப்பாலிருந்து பெற்றோல் நிலத்தடியால் வந்திருந்தால் பெரும்பாலும் பென்சீன்தான் முதலில் வந்து நிற்கும். மற்றவர்கள் எல்லாரும் வந்து அது மட்டும் வராதது எனக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தல் ஆதாரம் அல்ல. நிலத்தில் பழைய பெற்றோல் மாறிப்போவதும் உண்டு, நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்பதும் உண்டு. பென்சீன் இல்லை என்பதால் கராஜ்காரர் குற்றமற்றவர் என்று எழுதியிருந்தால் அதுவும் பிழைதான்.

எங்கள் அறிக்கைப் படிவத்தில் அப்போது ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: அரோமற்றிக்கு ஐதரோகாபன்கள், மொத்தம்.

பொறுப்பாளர் அன்று கொழும்பில் இருந்தார். தொலைபேசியில் பிடித்தேன்.

"இலக்கம் வந்திட்டுதோ?"

"ஓம் சேர். ஆனா பென்சீன் இல்லை."

"இல்லையெண்டா இல்லை. மொத்தம் எவ்வளவு?"

சொன்னேன்.

"அப்ப மொத்தத்தைப் போட்டுக் குடும். ஆர் ஊத்தினது எண்டு கண்டுபிடிக்கிறது எங்கடை வேலை இல்லைப் பிள்ளை. நாங்கள் பொலிஸோ?"

"சேர், மொத்தம் எண்டு குடுத்தா அதுவே ஆர் ஊத்தினது எண்டு சொன்ன மாதிரித்தான். அந்தச் சனம் அதைப் பெற்றோல் எண்டுதான் வாசிக்கும்."

அந்தப் பக்கம் ஏதோ வாகனம் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"இப்ப என்ன செய்யப்போறீர்?"

"போய்ப் பாத்திட்டு வாறன். மாதிரியை நாங்களே எடுத்தா நல்லம்."

"சரி, போம். ஒண்டு மட்டும் சொல்லுறன். அங்கை நிண்டு ஒரு தீர்ப்பும் சொல்லக் கூடாது. வாயைத் திறந்தா பேந்து அறிக்கைக்குப் பெறுமதி இல்லை."

அவருடைய முதல் அறிவுரையை நான் கேட்கவில்லை. இரண்டாவதை இன்றுவரை விடவில்லை.

வெளியே வரவேற்பறையில் ரஜீவன் காத்திருந்தார். அவர்தான் சுவிசிலிருந்து வந்த மகன். அறிக்கையை வாங்கிக்கொண்டு நேரே பிரதேச சபைக்குப் போக ஓட்டோவையும் வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

"தங்கச்சி, ரிப்போட் றெடியோ?"

"இல்லை அண்ணை. இன்னொருக்கால் தண்ணி எடுக்கோணும். நாங்களே வாறம்."

"நான் எடுத்துத் தந்தது காணாதோ? சுவிசிலை எண்டா இவ்வளவுக்கு மெயிலிலை வந்திருக்கும்."

மாதிரி எடுக்கும் குமார் அண்ணை பெட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டார். "சுவிசிலை கிணறு இருக்கோ அண்ணை?"

"பகிடி விடாதையும் ஐசே. வீட்டிலை கலியாணம். தண்ணி குடிக்கேலாமல் இருக்கிறம்."

அது உண்மை. அவருடைய கோபத்தில் பொய் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் வருபவர்களில் அநேகம் பேர் பொய்யர்கள் அல்லர், முடிவோடு வருபவர்கள்.

நாங்கள் போனபோது பந்தல் போட்டு முடிந்திருந்தது. பின்பக்கத்தில் பெண்கள் பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கராஜ் படலையில் சங்கிலி தொங்கியது. அதற்கு வெளியே, ஒரு பழைய ரயரில் ஜெயசீலன் அண்ணை உட்கார்ந்திருந்தார். திருத்த வந்த இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உள்ளே பூட்டுக்குள் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்களும் அவரோடு நின்று அவரையே ஏசிக்கொண்டிருந்தார்கள்.

எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"பிள்ளை, நீங்கள் தண்ணி பாக்கிற ஆக்களோ? கழிவு ஒயில் முழுக்க இரும்புப் பரலிலைதான் சேர்க்கிறனான். வந்து பாருங்கோ. நான் குடிக்கிற கிணத்துக்கை நானே ஊத்துவனோ?"

"தெரிஞ்சோ ஊத்துவாய்? கீழாலை இறங்கினா உனக்குத் தெரியுமோ?" என்று பந்தலடியில் நின்ற ஒருவர் சத்தம் போட்டார். இன்னொருவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள் படிச்ச ஆக்கள். ஒருக்கா மணந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ, பெற்றோல்தானே?"

"மணந்து சொல்லேலாது ஐயா."

"மூக்கு இருக்குத்தானே?"

சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.

கிணற்றின் மேலே இரும்புக் கம்பி மூடி. இலை விழாமல், பிள்ளைகள் விழாமல் எல்லா வீட்டிலும் போடுவதுதான். இந்த மூடி வெயிலில் கண்ணைக் கூசியது. புது சில்வர் பெயின்ற். குனிந்து பார்த்தேன். கம்பிகளின் அடிப்புறத்தில் பெயின்ற் சொட்டுச் சொட்டாகத் திரண்டு நின்றது. கிணற்றுக்கட்டின் உள்வளையத்தில் வெள்ளிக் கோடுகள் தண்ணீர் வரைக்கும் இறங்கியிருந்தன.

குமார் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினேன், கதைக்க வேண்டாம் என்று.

நீங்கள் என் இடத்தில் நின்றிருந்தால் அந்த நேரத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று தெரியும். எனக்கும் தோன்றியது. திரும்பி நின்று, இது பெயின்றின் வேலை என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லிவிடலாம். ஜெயசீலன் அண்ணையின் முகம் மாறும், மூக்கைப் பற்றிக் கேட்டவருக்கும் பதில் கிடைக்கும். ஆனால் எனக்கு அந்த நிமிடத்தில் தெரிந்தது பெயின்ற் அடித்த ஒரு மூடி மட்டும். ஆதாரமில்லாமல் ஒருவரைச் சந்தியில் நிறுத்தியது பிழை என்றால், அவரை விலக்கிவிட்டு அதே இடத்தில் ஆதாரமில்லாமல் இன்னொருவரை நிறுத்துவதும் அதே பிழைதான். அதுவும் கலியாண வீட்டில்.

அதனால் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை வழக்கமான குரலில் கேட்டேன். "கிட்டடியிலை கிணத்தடியிலை என்னென்ன வேலை செய்தனீங்கள்? எல்லாத்தையும் சொல்லுங்கோ, எழுதோணும்."

மணப்பெண்ணின் தகப்பன் தம்பிராசா ஐயா யோசித்து யோசித்துச் சொன்னார். மோட்டருக்குப் புதுக் குழாய் போட்டது. வாழைக்குப் பாத்தி கட்டியது. கிணற்றுக்கட்டுக்கு வெள்ளை அடித்தது.

"உந்தக் கம்பியை விட்டிட்டியளப்பா," என்றார் ரஜீவன். "அது நான் அடிச்சது. ஆளுக்குக் குடுத்தா ஒழுங்கா அடிக்கமாட்டாங்கள் எண்டு நானே அடிச்சனான். நல்லா இருக்கோ தங்கச்சி?"

"நல்லா மினுங்குது அண்ணை. என்ன கலந்து அடிச்சனீங்கள்?"

"தின்னர். பெயின்ற் தடிச்சுப் போச்சு, நல்லா விட்டுத்தான் அடிச்சது."

"பிரஷ் எங்கை கழுவினது?"

"உந்தக் கிணத்துக் கட்டிலை வைச்சுத்தான்." சொல்லும்போது குரல் அப்படியேதான் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் கட்டைப் பார்த்தார்.

"மிச்சத் தின்னர் இருந்தா அதிலையும் கொஞ்சம் தாங்கோ."

அவர் தகரத்தை எடுத்து வரப் போனார். வரும்போது நடை மெதுவாகியிருந்தது.

"ஏன் தங்கச்சி, தின்னரையும் ரெஸ்ற் பண்ணுவியளோ?"

"கிணத்தடியிலை பாவிச்சது எல்லாத்தையும் பாக்கிறனாங்கள் அண்ணை."

வீட்டுக் கிணற்றில் எங்கள் கையாலேயே தண்ணீர் எடுத்தோம். பிறகு நான் மதிலுக்கு அப்பால் போய் ஜெயசீலன் அண்ணையிடம் கேட்டேன். "அண்ணை, உங்கடை கிணத்துத் தண்ணியும் பாக்க விருப்பமோ? பாக்கிறதெண்டா நீங்கள்தான் கேக்கோணும், உங்கடை பேரிலைதான் பதிவோம்."

"அது உவர்த் தண்ணி பிள்ளை. அதை ஆர் குடிக்கப்போகினம்?"

"குடிக்கிறதுக்கு இல்லை அண்ணை."

அவர் சரி என்றார். படலை பூட்டியிருந்ததால் குமார் அண்ணை மதிலேறிக் குதித்துத்தான் தண்ணீர் எடுத்தார்.

ஏன் அவர் பேரில் பதிந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். அறிக்கை கேட்டவருக்கு மட்டுமே உரியது. இது நமது முதல் விதி, மீற முடியாது, மீறவும் கூடாது. ரஜீவன் கேட்ட அறிக்கை ரஜீவனுக்குத்தான். அதை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால், எனக்கு எது தெரிந்திருந்தும் பயனில்லை. சங்கிலி அப்படியே தொங்கும். விதியை மீறாமல் ஜெயசீலன் அண்ணையின் கையில் ஒரு தாள் போய்ச் சேர வேண்டுமென்றால், அவரும் கேட்டவராக இருக்க வேண்டும்.

முடிவுகள் வந்தன. கராஜ் கிணற்றில் உப்பு நிறைய, வளையம் கொண்ட சேர்வை ஒன்றும் இல்லை. வீட்டுக் கிணற்றில் முன்னைப் போலவே தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன்கள். பென்சீன் இல்லை. தின்னரிலும் அதே பெயர்கள், ஏறக்குறைய அதே விகிதம், பென்சீனின் இடத்தில் அதே வெற்றிடம்.

மறுபடி பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மொத்தத்தைப் போடேல்லை சேர். ஒவ்வொண்டையும் பேர் சொல்லித் தனித்தனியா எழுதியிருக்கிறன். பென்சீனுக்கும் ஒரு வரி. கண்டறியப்படவில்லை எண்டு."

"தின்னரைப் பற்றி?"

"தந்த தின்னரின் சேர்க்கையோடை ஒத்துப்போகுது எண்டு மட்டும். அதாலைதான் வந்தது எண்டு எழுதேல்லை."

"வாசியும் பாப்பம்." வாசித்தேன். "ம். கையெழுத்து நீர் வையும். கேட்டவன் சண்டைக்கு வந்தா எனக்குப் போன் அடியும்."

ரஜீவன் சண்டைக்கு வரவில்லை. வரவேற்பறைக் கதிரையில் உட்கார்ந்து அறிக்கையை மேலிருந்து கீழாக வாசித்தார். பெயர்களைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார். நான் ஒரு தாளில் அறுகோணம் கீறிக் காட்டினேன். வெறும் வளையம் பென்சீன், அது பெற்றோலில் இருக்கும். ஒரு கால் முளைத்தது தொலுயீன். இரண்டு கால் முளைத்தது சைலீன்.

"அப்ப இந்தக் காலில்லாதது எங்கடை கிணத்திலை இல்லை."

"இல்லை அண்ணை."

"தின்னரிலையும் இல்லை."

"இல்லை."

"ஊரிலை வந்து நிண்டு ஒரு வேலையைக் கையாலை செய்வம் எண்டு ஆசைப்பட்டன், தங்கச்சி," என்றார். பிறகு, "இதை அப்பாவுக்குக் காட்டோணுமோ?"

"அது உங்கடை அறிக்கை. நீங்கள்தான் யோசிக்கோணும்."

"ஜெயசீலன் அண்ணைக்கு?"

"அவரின்ரை கிணத்து அறிக்கை அவருக்குப் போகும். உங்கடையைப் பற்றி நாங்கள் ஒண்டும் சொல்லமாட்டம்."

அவர் எழுந்து அறிக்கையை மடித்தார். மடித்ததைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலையில் சங்கிலி இல்லை என்று குமார் அண்ணை கேள்விப்பட்டு வந்து சொன்னார். கழற்றியது தம்பிராசா ஐயாவாம். யாரிடமும் விளக்கம் சொல்லவில்லையாம். கலியாணத்துக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது.

உங்களுக்கு நான் விட்டுச்செல்வது இவ்வளவுதான். மாதிரியை யார் எடுத்தார் என்று முதலில் கேளுங்கள். கூட்டி எழுதச் சொன்னால், எதையெல்லாம் கூட்டுகிறோம் என்று யோசியுங்கள். பிரித்துப் பெயர் சொல்ல முடிந்ததைப் பிரித்தே சொல்லுங்கள், பிரிக்க முடியாததைப் பிரிக்க முடியவில்லை என்று எழுதுங்கள். வரவேண்டிய ஒன்று வராவிட்டால் அதற்கும் ஒரு வரி கொடுங்கள். உங்களுக்கு விடை தெரிந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் இன்னுமொரு போத்தல் நிரப்புங்கள்.

இன்றைய நிலை இது. வீட்டுக் கிணற்றை இறைத்து, கட்டைச் சுரண்டிக் கழுவினார்கள். பிறகு இரண்டு முறை சோதித்தோம், இரண்டு முறையும் ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீரை வீட்டார் குடிக்கிறார்கள். அறிக்கைப் படிவத்தில் மொத்தம் என்ற கட்டத்துக்கு மேலே இப்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. ரஜீவன் சுவிசுக்குத் திரும்ப முன் கராஜுக்குப் போய் நெடுநேரம் கதைத்துவிட்டுப் போனாராம். என்ன கதைத்தார் என்று தெரியாது. கராஜ் திறந்திருக்கிறது, வேலையும் நடக்கிறது. தம்பிராசா ஐயா இரண்டு தரம் ஆள் அனுப்பித் தண்ணீர் அள்ள வரச் சொல்லியிருக்கிறார். ஜெயசீலன் அண்ணை குடிதண்ணீரை இப்போதும் கடையில்தான் வாங்குகிறார்.